அந்தத் தாழ்ப்பாளை மாட்ட வேண்டாம்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் தம்பிக்கு 23 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்து தோள்பட்டை முறிந்தது. அப்போது எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை அவன் நிறுத்தவே இல்லை. இப்போது நண்பர்களோடு சேர்ந்து வேறொரு வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறான். முழங்கையின் உள்பக்கத்தில் தழும்புகளைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அவனைப் புரிந்துகொள்ளலாம் என்று நானும் என் கணவரும் 'டிரெயின்ஸ்பாட்டிங்', 'ரெக்வியம் ஃபார் எ டிரீம்', 'உட்தா பஞ்சாப்' ஆகிய மூன்று படங்களைப் பார்த்தோம். பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. அந்தப் படத்தில் வருவதுபோல் இவனுக்கும் கையை எடுக்க வேண்டிவருமா? ஒரு வாரம் மாடி அறையில் வைத்துப் பூட்டினால் விட்டுவிடுவான் என்று அப்பா நம்புகிறார். கதவின் வெளிப்பக்கம் மாட்டுவதற்குத் தாழ்ப்பாள்கூட வாங்கிவந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று அம்மா அழுகிறார். இந்தப் படங்களை அவனையும் உட்காரவைத்துக் காட்டினால் பயந்துபோய் நிறுத்துவானா?

— பெயர் வேண்டாம் என்று எழுதிய ஓர் அக்கா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

படங்களைப் போட்டுக் காட்டாதீர்கள். அறையைப் பூட்டாதீர்கள். கை போகுமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளம். இவ்வளவைப் படித்ததும் நிறுத்திவிட்டு அப்பாவுக்குப் போன் செய்து தாழ்ப்பாள் வேலையைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம், அவசரமில்லை.

நான் மனநல மருத்துவன். கொஞ்சம் சினிமாப் பைத்தியமும்கூட. இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் இருப்பது பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொல்லை. "அந்த மருந்துக்கு இப்படி ஆகாதே" என்று நான் முணுமுணுப்பதைக் கேட்டுக் கேட்டு என் மனைவி இந்த வகைப் படங்களுக்கு என்னோடு வருவதையே நிறுத்திவிட்டார். நீங்கள் பார்த்த மூன்றும் நல்ல படங்கள்தான், நேர்மையாக எடுத்தவை. ஆனால் வீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு அவற்றைப் பார்ப்பது வேறு அனுபவம். படம் எதைக் காட்டுகிறதோ அதற்குப் பயப்படுவோம், எதைக் காட்டாமல் விடுகிறதோ அங்கே ஏமாந்துபோவோம். உங்கள் அப்பாவின் தாழ்ப்பாள் இரண்டாவது வகை.

பூட்டிய அறைக்குள் போதையை முறிக்கும் காட்சிக்கு வயது அதிகம். 1955இல் ஆட்டோ பிரெமிஞ்சர் இயக்கிய 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' படத்தில் ஃபிராங்க் சினாட்ராவை கிம் நோவாக் ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டுகிறார். அவன் தரையில் புரள்கிறான், குளிரில் நடுங்குகிறான், கெஞ்சுகிறான், பிறகு தெளிகிறான். கடைசியில் அவளோடு நடந்து போகிறான். ஹெராயின் பழக்கத்தைத் திரையில் காட்டியதற்காக அன்றைய ஹாலிவுட் தணிக்கை முத்திரை தர மறுத்தது. அந்த வகையில் அது துணிச்சலான படம். ஆனால் அது எந்த நாவலிலிருந்து எடுக்கப்பட்டதோ, நெல்சன் ஆல்கிரன் 1949இல் எழுதிய அந்த நாவலில், அந்த மனிதன் தூக்குப் போட்டுச் சாகிறான். படமெடுத்தவர்கள் கயிற்றை எடுத்துவிட்டுக் காதலியின் கையைக் கொடுத்தார்கள். கூடவே, பூட்டினால் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கையையும் உலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1996இல் வந்த 'டிரெயின்ஸ்பாட்டிங்' படத்தில் நீங்கள் பார்த்த காட்சியும் அதன் வாரிசுதான்: ஹெராயினுக்கு அடிமையான கதாநாயகன் ரெண்டனை அவன் அப்பாவும் அம்மாவும் சிறுவயதுப் படுக்கையறைக்குள் போட்டுப் பூட்டுகிறார்கள், சுவரெல்லாம் ரயில் படங்கள், கூரையில் செத்த குழந்தை தவழ்ந்து வருகிறது. கொடூரமான காட்சி. ஆனால் அதைத் தாண்டியதும் அவன் எழுந்து நடமாடுகிறான். நீங்கள் கதையைச் சொல்லியிருந்தால் உங்கள் அப்பாவுக்கு அந்த எழுந்து நடமாடுவதுதான் மனதில் நின்றிருக்கும். எந்த அப்பாவுக்கும் அப்படித்தான்.

மேற்கு ஜெர்மனியில் 1981இல் வந்த 'கிறிஸ்டியானே எஃப்' படத்திலும் இதே காட்சி உண்டு. ஹெராயினுக்கு அடிமையான ஒரு சிறுமியும் அவள் காதலனும் ஓர் அறைக்குள் வாந்தியும் வியர்வையுமாகக் கிடந்து போதையை முறித்துக்கொள்கிறார்கள். தெளிந்ததும் பழைய ரயில் நிலையத்துக்கே போகிறார்கள், மறுபடி ஊசியும் தொடங்கிவிடுகிறது. இதுவரை பார்த்த பூட்டிய அறைகளில் இதற்குத்தான் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அறைக்குள் நடப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி கரைத்துப் போடுவது அநேகமாக டேபென்டடால் மாத்திரையாக இருக்கும். இப்போது இந்தக் கதையோடு வருகிற இளைஞர்களிடம் நான் அதிகம் பார்ப்பது அதைத்தான். ஹெராயின், மார்ஃபின் எல்லாம் இருக்கும் அதே ஓபியாய்டு குடும்பம். திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், மயிர்க்கூச்செறிதல். பிறகு உடம்பு முறுக்கும், வயிறு போகும், தூக்கம் வராது. இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். ஒரு வாரம், பத்து நாளில் பெரும்பகுதி அடங்கிவிடும். நரகம்தான். ஆனாலும் வேறு நோயில்லாத இளைஞனை அது மட்டும் கொல்வது அரிது.

ஆபத்து பதினோராம் நாள் வருகிறது. தினமும் நூறு கிலோ மூட்டை தூக்கிப் பழகியவர் சில வாரம் படுக்கையில் கிடந்துவிட்டு எழுந்து வந்து அதே மூட்டைக்கு முதுகைக் கொடுத்தால் என்ன ஆகும்? தாங்கும் என்றுதான் அவர் நினைப்பார், முதுகுக்குத்தான் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். போதை மருந்தைத் தாங்கும் சக்தியும் அப்படித்தான். சில நாள் நிறுத்தினாலே அது மளமளவென்று இறங்கிவிடும். ஆசை மட்டும் இறங்காது. அறையைத் திறந்துவிட்ட வாரத்தில், ஒரு சண்டைக்குப் பிறகோ ஒரு நண்பனின் போனுக்குப் பிறகோ, கை பழைய கணக்கிலேயே மாத்திரையை எண்ணும். அந்த அளவு அவனது மூச்சை நிறுத்திவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்து செய்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் போதை மருந்து மிகையால் அவர்கள் சாகும் வாய்ப்பு மற்ற மக்களைவிட 129 மடங்கு இருந்தது. சிறையைவிட நன்றாகப் பூட்டிய அறை உண்டா? படத்தில் கதவு திறப்பது கதையின் முடிவு. உங்கள் வீட்டில் அது தொடக்கமாக இருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் பதிலைப் பொறுத்து எல்லாம் மாறும். அவன் குடிக்கிறானா? அல்பிரசோலம், நைட்ரசெபாம் போன்ற தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை எதையாவது கூடவே போடுகிறானா? இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், சித்தம் கலங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பில்லி வைல்டரின் 'தி லாஸ்ட் வீக்எண்ட்' (1945) படத்தில் குடிகாரக் கதாநாயகன் சுவரில் எலியையும் அதைப் பிடிக்க வரும் வௌவாலையும் பார்த்து அலறுவான். நம் ஊரில் இதைப் பேய் பிடித்தது என்று சொல்லி வேப்பிலை தேடுவார்கள். அது மருத்துவமனையில் படுக்கவைத்துப் பார்க்க வேண்டிய நிலை. அந்த நேரத்தில் கதவு வெளியே பூட்டியிருந்தால் யாருக்கும் தெரியாமலே முடிந்துவிடும்.

'டிரெயின்ஸ்பாட்டிங்' படத்தில் பலரும் முகம் சுளிக்கிற கழிப்பறைக் காட்சி இருக்கிறதே, மருத்துவக் கண்ணுக்கு அந்தப் படத்தின் மிக உண்மையான காட்சி அதுதான். ஓபியாய்டு மருந்துகள் குடலைக் கட்டிப்போடும். போதை இறங்கும்போது கட்டு அவிழும். இதைத் தெரிந்துகொண்டு எழுதியவர் விஷயம் அறிந்தவர். ஆனால் அதே படம்கூட அதன் பிறகு வரும் மாதங்களைக் காட்டவில்லை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒன்றும் செய்யத் தோன்றாமல் மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கும் இளைஞனை இரண்டு மணி நேரம் யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்? குணமாவது சலிப்பூட்டும் காரியம். வெளிநோயாளிப் பிரிவில் வரிசை, சிறுநீர்ப் பரிசோதனை, மாத்திரை, வேலை கிடைக்காத எரிச்சல், ஒரு சறுக்கல், மறுபடி வரிசை.

நம் தமிழ்ப் படங்களைப் பற்றிக் கேட்கவே இல்லையே என்று பார்த்தேன். கேட்டிருந்தாலும் சொல்வதற்கு அதிகமில்லை. 'கைதி', 'விக்ரம்' போன்ற படங்களில் போதைப்பொருள் சரக்குதான்: பிடிபட்ட சரக்கு, மீட்க வேண்டிய சரக்கு, துரத்த வேண்டிய சரக்கு. 'கோலமாவு கோகிலா'வில் கடத்துகிறவள் வீட்டு நிலைமை தெரிகிறது, வாங்கிப் போடுகிறவன் வீடு தெரியவில்லை. 'விக்ரம்' வில்லன் ஒரு துணுக்கை வாயில் போட்டுக் கடித்ததும் யானை பலம் வந்து எல்லோரையும் தூக்கி அடிக்கிறார். என் வெளிநோயாளிப் பிரிவுக்கு அப்படி யாரும் வந்ததில்லை. வருகிறவர்களுக்குப் படியேறவே மூச்சு வாங்குகிறது. குடிகாரப் பாத்திரங்கள் நம்மிடம் ஏராளம், திரையின் ஓரத்தில் மது வீட்டுக்கும் நாட்டுக்கும் கேடு என்ற வரியோடு. அவர்கள் படம் முடிவதற்குள் திருந்துவார்கள். இந்த 'திருந்துவது' என்ற சொல்லோடு எனக்கு நெடுநாள் சண்டை. சர்க்கரை நோயாளி திருந்தினார் என்றோ, காசநோயாளி திருந்தினார் என்றோ யாரும் சொல்வதில்லை. போதை நோயாளியை மட்டும் குணமானான் என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. உங்கள் கடிதத்திலும் பாருங்கள், "பயந்துபோய் நிறுத்துவானா" என்று கேட்கிறீர்கள். அவன் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் இருப்பான். பயத்தால் நிற்கிற பழக்கமாக இருந்தால் தழும்பைப் பார்த்த அன்றே நின்றிருக்கும்.

கைக்கு வருகிறேன். 'ரெக்வியம் ஃபார் எ டிரீம்' (2000) படத்தில் ஹெராயின் ஊசி போடும் ஹாரியின் கை அழுகி, வெட்டப்படுவதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். பொய்யான பயம் என்று சொல்ல மாட்டேன். மாத்திரை ஊசிக்காகச் செய்யப்பட்டதல்ல. அதில் உருவத்துக்காகச் சேர்க்கும் டால்க் போன்ற மாவுப்பொருள்கள் தண்ணீரில் முழுதாகக் கரையாது. அவை மெல்லிய இரத்தக் குழாய்களை அடைக்கும், நுரையீரலில் போய்த் தங்கும். கிருமி சேர்ந்தால் சீழ்க்கட்டி வரும், சில நேரம் இதய வால்வு வரை போகும். ஊசி தவறித் தமனியில் இறங்கினால் விரல்கள் கறுத்துவிடும். ஆகவே கையில் வீக்கம், சூடு, சிவப்பு, காய்ச்சல், விரல் நுனியில் மரப்பு அல்லது கறுப்பு என்று எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனை. எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள். காலத்தில் வந்த கைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. ஹாரி காலத்தில் வரவில்லை, அழுகும் கையோடு ஊர் ஊராக காரில் போனான்.

அந்தப் படத்தில் எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. ஒவ்வொரு முறை போதை ஏறும்போதும் கண்மணி விரிவதை நெருக்கத்தில் காட்டுவார்கள். ஹெராயின் வகை மருந்துகள் கண்மணியைக் குண்டூசித் தலை அளவுக்குச் சுருக்கும். விரிவது போதை இறங்கும்போது. படத்துக்கு அது அழகு. நீங்கள் அதை நம்பித் தம்பியின் கண்ணைப் பார்த்தால் தலைகீழாகப் புரிந்துகொள்வீர்கள். ஆனால் அதே படத்தில் ஹாரியின் அம்மா சாராவின் கதை இருக்கிறதே, அதற்காக அந்தப் பிழையை மன்னித்துவிடலாம். தொலைக்காட்சியில் தோன்றும் ஆசையில் உடம்பு இளைக்க டாக்டரிடம் போகிறாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். அந்த மாத்திரைதான் அவளை அழிக்கிறது. உங்கள் தம்பியின் கதையும் ஒரு மருந்துச் சீட்டில்தான் தொடங்கியிருக்கிறது. கெட்ட சகவாசம் என்று மட்டும் எழுதிவைத்து முடித்துவிடாதீர்கள், எங்கள் தொழிலுக்கும் அதில் பங்கு உண்டு. தோள் வலி இன்னும் இருக்கிறதா என்று அவனிடம் யாராவது கேட்டீர்களா? கேளுங்கள். வலி இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் சிகிச்சை.

அம்மாவின் பயத்துக்கும் அந்தப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது: ஹாரியின் கையைப் பார்த்த டாக்டர் போலீசைக் கூப்பிடுகிறார். நம் நாட்டுச் சட்டத்தை அம்மாவிடம் சொல்லுங்கள். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்று முடிக்கும் போதை நோயாளிக்கு, உட்கொண்டதற்கும் சிறிய அளவில் வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. விற்றவனுக்கு இது பொருந்தாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதையால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் கடமையை எங்கள்மேல் வைத்திருக்கிறது. சீட்டு வாங்கும் இடத்தில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்துக்குச் சட்டத்தில் மருந்தில்லை. அதை நீங்கள்தான் தாங்கிக்கொள்ள வேண்டும்.

'டிரெயின்ஸ்பாட்டிங்'கின் டாமியை நினைவிருக்கிறதா? கால்பந்து, உடற்பயிற்சி என்று இருந்தவன், காதல் முறிந்த பிறகு ஊசி பிடித்து, எச்.ஐ.வி. வந்து செத்துப்போகிறவன். அது கதாசிரியரின் கற்பனைச் சோகமாகத் தோன்றலாம். கதை நடக்கும் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் எண்பதுகளில் அது நடந்தது. மலிவான ஹெராயின் வந்து குவிந்த காலத்தில் அங்கே சிரிஞ்சு கிடைப்பதைக் கடினமாக்கினார்கள். ஊசி கிடைக்காவிட்டால் பழக்கம் நின்றுவிடும் என்று கணக்கு. பழக்கம் நிற்கவில்லை, ஒரே ஊசி பல கைகளுக்குப் போனது. அந்நகரின் ஒரு மருத்துவரிடம் வந்துகொண்டிருந்த 164 ஹெராயின் நோயாளிகளைச் சோதித்து 1986இல் வெளியிட்ட அறிக்கையில் 51 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. பக்கத்து நகரமான கிளாஸ்கோவில் அதில் ஒரு சிறு பங்குதான். (படத்தின் பெரும்பகுதியைப் படம்பிடித்தது கிளாஸ்கோவில் என்பது வேறு விஷயம்.) உங்கள் தம்பி நண்பர்களோடு சேர்ந்து போடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "சேர்ந்து" என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை இலவசம். மஞ்சள்காமாலை பி, சி இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். சி வகைக்கு இப்போது சுமார் மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும் அளவுக்கு மருந்து இருக்கிறது, அரசுத் திட்டத்தில் இலவசமாகவே.

'உட்தா பஞ்சாப்' (2016) பார்த்த பிறகு உங்கள் கணவர் மறுவாழ்வு மையங்களைத் தேடத் தொடங்கியிருப்பார் என்று ஊகிக்கிறேன். போலீஸ்காரன் ஒருவன் தன் தம்பியை ரகசியமாக ஒரு பெண் டாக்டரின் மையத்துக்குக் கொண்டுவருவதும், தப்பிக்கும்போது அந்தத் தம்பியே அவளைக் கொன்றுவிடுவதும் என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தன. படத்தின் பல பகுதிகளை வெட்டச் சொன்ன தணிக்கைக் குழுவை பம்பாய் உயர் நீதிமன்றம் ஒதுக்கிவிட்டு ஒரே வெட்டோடு வெளியிட அனுமதித்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். இருந்தாலும் அந்தக் கொலை, போதை நோயாளி என்றால் கட்டிப்போட வேண்டியவன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சாக்கு. இத்தனை வருடத்தில் நோயாளிகள் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள், கடன் கேட்டிருக்கிறார்கள், ஒருவர் என் பேனாவைக் கொண்டுபோய்விட்டார். அடித்தவர் யாருமில்லை. கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள தமிழ்நாட்டுக்குப் படம் தேவையில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். இன்று சங்கிலியால் கட்டுவதும் தனியறையில் அடைத்துவைப்பதும் சட்டப்படி தடை. ஆகவே ஒரு மையத்துக்குப் போகும் முன் நேரில் போய்ப் பாருங்கள். மருத்துவர் தினமும் வருகிறாரா, பதிவுச் சான்று இருக்கிறதா, நீங்கள் எப்போது வேண்டுமானாலும் அவனைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். "வண்டியோடு ராத்திரி வந்து தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம், மூன்று மாதம் பேசவே வேண்டாம்" என்று சொல்லும் இடத்துக்கு வாசலோடு வணக்கம் சொல்லிவிடுங்கள்.

படத்தைக் காட்டாதீர்கள் என்றதற்குக் காரணம் பயம் வேலை செய்யாது என்பது மட்டுமல்ல. உங்களுக்கு அருவருப்பாக இருந்த அந்தக் காட்சிகள், கரண்டி, லைட்டர், இழுக்கப்படும் சிரிஞ்சு, பழகிய மூளைக்கு விருந்து வாசனை. பசித்தவனிடம் பிரியாணி சாப்பிட்டால் கொழுப்பு ஏறும் என்று படம் போட்டு விளக்குவதுபோல. எட்டு மாதம் நன்றாக இருந்த ஒருவர் இப்படிப்பட்ட ஒரு படத்துக்குப் போய் இடைவேளையில் வெளியே வந்தவர், இருக்கைக்குத் திரும்பவில்லை. நான்காம் நாள் என்னிடம் வந்தார். படத்தை அவர் குறைசொல்லவில்லை. "கை அரித்தது சார்" என்றார். நீங்களும் கணவரும் பார்க்க விரும்பினால் 'பியூட்டிஃபுல் பாய்' (2018) பாருங்கள். மகனின் பழக்கத்தோடு மல்லுக்கட்டும் ஓர் அப்பாவின் கதை. குணமாவதும் சறுக்குவதும் மறுபடி எழுவதும் பலமுறை வருவதால் படம் இழுக்கிறது என்று விமர்சனம் செய்தவர்கள் உண்டு. நோயே அப்படித்தான் இழுக்கும்.

இனி செய்ய வேண்டியது. அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனை அழைத்துப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். அவன் போடும் மாத்திரையின் காலி அட்டை கிடைத்தால் எடுத்துப் போங்கள். அங்கே பெரும்பாலும் பூப்ரெனார்ஃபின் என்ற மருந்தைப் பற்றிச் சொல்வார்கள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைப்பது. உடம்பு முறுக்குவதை நிறுத்தும், ஆசையை அடக்கும், ஒரு அளவுக்கு மேல் போதை ஏற்றாது. கடைசி ஊசிக்குப் பிறகு பல மணி நேரம் கழித்து, கொட்டாவி, மூக்கொழுகல் என்று நான் சொன்ன விலகல் அறிகுறிகள் தொடங்கிய பிறகே முதல் மாத்திரை கொடுக்க வேண்டும். முந்திக் கொடுத்தால் வேதனை சட்டென்று பல மடங்காகிவிடும். எனவே யாரோ சொன்னார்கள் என்று வெளியே வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒரு மாத்திரைக்குப் பதில் இன்னொரு மாத்திரையா என்று அப்பா கேட்பார். எல்லா அப்பாக்களும் கேட்கிறார்கள். காலையில் எழுந்ததும் இன்றைக்கு எங்கே வாங்குவது, யாரிடம் பணம் பறிப்பது என்ற யோசனை இல்லாத ஒரு நாளை அந்த மாத்திரை கொடுக்கும், அந்த நாளில் அவன் வேலைக்குப் போக முடியும் என்று சொல்லுங்கள். இந்தச் சிகிச்சையில் தொடர்ந்து இருப்பவர்களின் மரண ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. எத்தனை நாள் என்று கேட்டால் மாதக் கணக்கு, சிலருக்கு வருடக் கணக்கு. நடுவில் ஒருமுறை சறுக்கினால் எல்லாம் போச்சு என்று தலையில் கைவைக்காதீர்கள், அன்றே மறுபடி கூட்டிப்போங்கள்.

கடைசியாக, மிகை அளவு. 'பல்ப் ஃபிக்‌ஷன்' (1994) படத்தில் ஹெராயின் மிகையால் மயங்கியவளின் நெஞ்சில் ஓங்கி அட்ரினலின் ஊசியைக் குத்தியதும் அவள் துள்ளி எழுவாள். மறந்துவிடுங்கள், அது மருத்துவம் இல்லை. இதற்கு முறிவு மருந்து நலாக்ஸோன், மருத்துவமனையில் இருக்கிறது. அவன் எழுப்பியும் எழாமல், கண்மணி சுருங்கி, குறட்டைபோல ஒரு சத்தத்தோடு மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்திருந்தால் தூங்குகிறான் என்று விட்டுவிடாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். நின்றிருந்தால் வாயோடு வாய்வைத்து மூச்சு கொடுங்கள். எலுமிச்சைச் சாறு, மோர், உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். எதைப் போட்டான் என்று வண்டியில் வருபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வாங்கிய தாழ்ப்பாளைக் கடையில் கொடுத்து அப்பா மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் எடுத்த ஸ்க்ரூ டிரைவருக்கு வீட்டில் வேறொரு வேலை இருக்கிறது. வீட்டில் ஊசி போடுகிறவர்கள் பெரும்பாலும் குளியலறைக்குள் போய், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் போடுகிறார்கள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், வெளியே இருப்பவர்களுக்குச் சந்தேகமே வராது. குளியலறைக் கதவின் அந்த உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, தேவைப்பட்டால் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டை மாட்டச் சொல்லுங்கள். தம்பிக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம். ஏன் மாட்டுகிறோம் என்று அப்பாவே அவனிடம் சொல்லிவிட்டு மாட்டட்டும்.